நூற்றைம்பது என்று எழுதிய சீட்டு

மொன்டானா,
அக்டோபர் 7

அன்புள்ள மகள் சிக்னேவுக்கு,

அம்மா எழுதுவது. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே இப்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் "நல்லா இருக்கேம்மா" என்பாய். இப்போது ஒரு எண்ணைச் சொல்கிறாய். ஆகஸ்டில் பதினான்கு, செப்டம்பரில் பதினாறு. ரத்தத்தில் இருக்கும் ஈயத்தை ஆஸ்பத்திரியில் எப்படி அளக்கிறார்களோ எனக்குத் தெரியாது. இறங்க வேண்டிய எண் ஏறிக்கொண்டே போகிறது என்பது மட்டும் புரிகிறது. டாக்டர் சொன்னபடி படுக்கையை விட்டு எழுந்திருக்காதே. எமெட் சமைக்கட்டும். அவன் சமையல் வாயில் வைக்கச் சகிக்கவில்லை என்றால் உப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடு. இரண்டு முறை கரு தங்காமல் போன பிறகு இப்போதுதான் ஆறு மாதம் தாண்டியிருக்கிறது. ரோஷத்தையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த எக்ஸ்ரே படமும் வந்தன. அப்பா அனுப்பிய மான் கறிப் பொட்டலத்தை எமெட் தான் வேலை பார்க்கும் நாய் ஆஸ்பத்திரியில் வைத்துப் படம் பிடித்ததை நான் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு மூளை இருக்கிறது என்று தெரிந்து சந்தோஷம்தான். ஆனால் அதை அப்பா பெயருக்கே அனுப்பியிருக்க வேண்டாம். காலைக் காபியோடு மேஜையில் உட்கார்ந்து உறையைக் கிழித்தார். கொத்துக்கறி கறுப்பாகவும், மேலே உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகளாகவும் இருந்தது. ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்புத் தூளா இருக்கும்" என்றார். நானும் "இருக்கும்" என்றேன். கறியில் ஒரு துளி எலும்பு விழ விடுகிறவர் இல்லை அவர் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் கொட்டகையைச் சும்மா சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் பார்த்தால் நான் சேர்த்து வைத்திருந்த காலிப் பிளாஸ்டிக் பால் கேன்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறார். கொட்டகைக்குப் பின்னால் பலகை போட்டு, எட்டுக் கேன்களில் தண்ணீர் நிரப்பி, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வைத்தார். பதினைந்து அடி தள்ளி நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். மாவு சலிக்கும் சல்லடையையும் கொண்டுவரச் சொன்னார். என் சல்லடை எதற்கு என்று கேட்டுக்கொண்டேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முதலில் தன் பழைய குண்டைப் போட்டார். உனக்குத்தான் தெரியுமே, மேலே மெல்லிய செம்பு உறை, உள்ளே ஈயம். நாற்பது வருஷமாக அவர் சுடுவது அதைத்தான். முதல் கேன் கொட்டகைக் கூரை வரை தெறித்தது. இரண்டாவதும் மூன்றாவதும் கிழிந்து தொங்கின. நான்காவதில் குண்டு நின்றுவிட்டது. மிஞ்சிய தண்ணீரை என் சல்லடையில் ஊற்றினார். மென்று துப்பிய சூயிங்கம் போல ஒரு உருண்டை கிடைத்தது. அதைக் கழுவித் துடைத்து, வெடிமருந்து நிறுக்கும் தராசில் வைத்தார். நூற்றெண்பது கிரெய்ன் எடை இருந்த குண்டு நூற்றுப் பதினெட்டுதான் காட்டியது.

"ஆர்டிஸ், மூணுல ஒரு பங்கு காணோம்" என்றார். தண்ணியில போயிருக்கும் என்று நான் சொன்னேன். "தண்ணியில போகல. முப்பது வருஷமா எம் பொண்ணு வயித்துல போயிருக்கு" என்றார். சல்லடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்தச் சல்லடையை அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் பக்கத்துப் பண்ணை ஆரின் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, உறையோடு ஈயத்தை ஒட்டவைத்த குண்டு ஒன்று இருக்கிறது, அது அவ்வளவாக உடையாது, பத்தில் ஒரு பங்குதான் சிதறும், மெதுவாகப் போனாலும் நன்றாக விரியும் என்று யோசனை சொன்னார். அப்பா அவரை முறைத்த முறையைப் பார்க்க வேண்டுமே. "அப்போ என்ன சொல்ற? விஷத்தக் கொஞ்சமா வைங்கறியா?" என்று கேட்டார். பாவம் ஆரின், காபியைக் கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஆகவே செம்புதான் என்று முடிவாயிற்று. முழுக் குண்டும் செம்பு, உள்ளே ஈயமே கிடையாது. ஆனால் கடைக்குப் போவது யார்? இருபது வருஷமாக டவுன் காபிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, செம்பு சுடுகிறவர்களையெல்லாம், "அதுல தண்ணிக் குழாய் செய்யலாம்டா, மான் அடிக்க எதுக்குடா?" என்று கிண்டல் பண்ணிய மனுஷன். வெர்ன் கடைக்குப் போய்ச் செப்புக் குண்டு கொடு என்று எந்த வாயால் கேட்பார்? "நீ போ. எனக்குன்னு சொல்லாத" என்றார். "வேற யாருக்குன்னு சொல்றது? பஸ்ல வர்ற பிள்ளைங்களுக்கா?" என்று கேட்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, நான் ஓட்டும் மஞ்சள் பஸ்ஸைக் கொண்டுபோய் வெர்ன் கடை வாசலில் நிறுத்தினேன். நீ எழுதி அனுப்பிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஐம்பது குண்டு உள்ள பெட்டி ஒன்று வாங்கி வந்தேன்.

தோட்டாவில் அடைத்து அதையும் பால் கேன்களில் சுட்டுப் பார்த்தார். ஆறு கேன்களைத் துளைத்துக்கொண்டு போய் ஏழாவதில் கிடந்தது. முனை நான்காகப் பிரிந்து பூ மாதிரி விரிந்திருந்தது. தராசில் வைத்தால் ஒரு துளி எடை குறையவில்லை. அதைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். இப்போது சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். காபிக் கடையில் எடுத்துக் காட்டினாராம், நம்புவாயா?

கீழ் அறையில் ஈயம் உருக்கும் சட்டி இருந்ததே, நீ சின்னதாக இருந்தபோது ஸ்டூல் போட்டு எட்டிப் பார்ப்பாயே, அதைக் கொண்டுபோய் ஒழித்துவிட்டார். கறி அரைக்கும் மெஷின் புதிது வந்திருக்கிறது. துப்பாக்கிக் குழலை இரண்டு நாள் தேய்த்தார். இன்னொன்று சொல்ல வேண்டும். மிருகம் விழுவதற்கு முன்னால் கத்தியைக் கூடத் தீட்ட மாட்டாரே, ராசி போய்விடும் என்று! அந்த மனுஷன் பொட்டலத்தில் ஒட்டுகிற லேபிள் நாற்பது எழுதி அடுக்கி வைத்திருக்கிறார். "எல்க் கொத்துக்கறி. செம்பு. சிக்னேவுக்கு." நாற்பதிலும் அதேதான். "எல்க் மான் இன்னும் மலையில மேஞ்சுகிட்டிருக்கு, நீங்க இங்க பொட்டலத்துக்குப் பேர் எழுதியாச்சா?" என்று கேட்டேன். "இந்த வருஷம் வரும்" என்றார்.

உனக்குத் தனியாகக் கடிதம் எழுதச் சொன்னேன். என்ன எழுதுவது என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த லேபிள்களைத்தான் உனக்கு எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இடது பக்கமாகவே படு. எமெட்டை நான் விசாரித்ததாகச் சொல். கர்த்தர் உன்னையும் உள்ளே இருக்கும் குழந்தையையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆர்டிஸ்


மொன்டானா,
அக்டோபர் 31

அன்புள்ள சிக்னேவுக்கு,

நேற்றுப் போனில் அப்பா எங்கே என்று கேட்டாய். கொட்டகையில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். இல்லை, மலையில் இருந்தார். பொய் சொல்லிவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ உடனே எழுந்து உட்கார்ந்துவிடுவாய். படுத்துக்கொண்டே படி.

வேட்டைக் காலம் தொடங்கி நான்கு நாள் அப்பா வெறுங்கையோடுதான் வந்தார். புதன்கிழமை காலையில் வில்லோ க்ரீக் ஓடைக்கு மேலே, பள்ளத்துக்கு அந்தப் பக்கச் சரிவில், பெண் எல்க் ஒன்று தனியாக நின்றிருக்கிறது. இருநூற்றெண்பது கஜம் இருக்கும் என்றார். இன்னும் கிட்டே போக வழியில்லை. மரத்தில் துப்பாக்கியைச் சார்த்தி, எப்போதும் சுடும் இடத்தில், தோளுக்குப் பின்னால் விலாவில் சுட்டார். ஈயக் குண்டாக இருந்தால் உள்ளே உடைந்து சிதறி, ஐம்பது அடிக்குள் மிருகம் விழுந்திருக்கும். இது ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்துவிட்டு, ஈ கடித்தது போல, மரங்களுக்குள் நடந்து போய்விட்டதாம்.

முதலில் தவறிவிட்டது என்று நினைத்திருக்கிறார். போய்ப் பார்த்தால் பனியில் ரத்தம், சட்டைப் பித்தான் அளவு. பத்தடி தள்ளி இன்னொன்று. ரத்தம் பார்த்த இடத்திலெல்லாம் கிளையில் ஆரஞ்சு நாடா கட்டிக்கொண்டே போயிருக்கிறார். மதியத்துக்கு மேல் தடம் விட்டுப்போயிற்று. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்தார். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அதற்கு மறுநாள் பனி விழுந்து எல்லாம் மூடிவிட்டது. இப்போது காக்கை எங்கே இறங்குகிறது என்று பார்த்துப் பார்த்து அலைகிறார்.

உன் அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயதாகிறது. படி ஏறி வந்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். போதும், விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். புதன்கிழமை சாயங்காலமே என்ன செய்தார் தெரியுமா? அனுமதிச் சீட்டை எடுத்து, கத்தியால் அன்றைய தேதியையும் மாதத்தையும் வெட்டிவிட்டார். மிருகம் கைக்கு வந்தது போல! இனி இந்த வருஷம் வேறு எதையும் அவர் சுட முடியாது. சட்டம் அப்படிச் சொல்லவில்லையே என்றதற்கு, "சட்டத்தக் கேட்டா சுட்டேன்? நான் காயப்படுத்தினது என்னோடது" என்றார். உனக்கு அவரைத் தெரியும். நமக்கு வாய்த்தவர் அப்படி.

ஆரின் மறுபடியும் வந்தார். தன் சீட்டு இன்னும் முழுசாக இருக்கிறது, ஒன்று அடித்துப் பாதிக் கறியைத் தருகிறேன், அதுவும் செம்பிலேயே அடிக்கிறேன் என்று நல்ல மனசோடு சொன்னார். அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. "அவளுக்கு ஈயத்தக் குடுத்தது நீயா ஆரின்? நான்தான? அப்ப நான்தான் மாத்திக் குடுக்கணும்" என்றார். என்னிடம் தனியாக, "எங் கை ஆடிடுச்சு ஆர்டிஸ். வயசாயிடுச்சு" என்றார். இதுவரை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்று டவுனில் ஒரு வேலையாகப் போய்விட்டு வந்தேன். மனசு சரியில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

நீ எதற்கும் கவலைப்படாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடித்துப் பார்த்தால் கவலை தவிர வேறொன்றும் இல்லை. சாப்பிடு. படுத்திரு. அப்பாவுக்காக ஜெபம் பண்ணிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆர்டிஸ்


மொன்டானா,
நவம்பர் 15

என் அன்பு மகள் சிக்னேவுக்கு,

இந்தக் கடிதத்தை எமெட் பெயருக்கு அனுப்புகிறேன். அவன் முதலில் படிக்கட்டும். உனக்கு எப்போது கொடுக்கலாம் என்று அவனுக்குத் தோன்றுகிறதோ அப்போது கொடுக்கட்டும். எமெட், எத்தனை நாளானாலும் சரி, ஆனால் கொடுத்துவிடு. ஒளித்து வைத்துவிடாதே.

பன்னிரண்டு நாளாக நீ போனுக்கு வரவில்லை. தூங்குகிறாள் என்கிறான் எமெட். பன்னிரண்டு நாள் யாரும் தூங்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். முந்தாநாள் அவனை அதட்டிக் கேட்டதும் சொல்லிவிட்டான். "நாஞ் செம்பக் கேக்காம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறாயாம். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதில் என்னிடம்தான் இருக்கிறது.

முதலில் அப்பாவின் அடக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ வர முடியாதது பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் விடவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். கோயில் நிறைந்து வெளியே பனியிலும் நின்றார்கள். காபிக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். தலையில் தொப்பி இல்லாமல் நாம் பார்த்தே இராத வெர்ன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நடுமண்டையில் ஒரு மயிர் இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். துக்கம் கேட்க வந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்தே வீட்டில் பதினோரு பாத்திரம் உருளைக்கிழங்கு குவிந்திருக்கிறது, பதினொன்றிலும் பன்றிக்கறி. யாருடைய பாத்திரம் எது என்றே தெரியவில்லை. ஒருவர் சாப்பிட்டுத் தீர்க்கிற அளவா அது?

அப்பாவைக் கண்டுபிடித்தது ஆரின். புதன்கிழமை, நவம்பர் இரண்டாம் தேதி காலையில் போனவர் சாயங்காலம் வரவில்லை. மறுநாள் வெளிச்சம் வந்ததும் தேடப் போனார்கள். ஆரஞ்சு நாடாக்களைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார் ஆரின். கடைசி நாடா கட்டிய மரத்தடியில் அப்பா உட்கார்ந்திருந்தாராம். துப்பாக்கி பக்கத்தில் சாய்ந்திருந்தது. நாடாச் சுருள் கையுறைக்குள் இருந்தது. நான் போட்டுக் கொடுத்த காபி ஃபிளாஸ்க் திறக்கப்படவே இல்லை. நெஞ்சுவலி, சட்டென்று போயிருக்கும் என்றார் டாக்டர். டாக்டர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அங்கிருந்து இருநூறு அடி தள்ளி, விழுந்து கிடந்த மரத்துக்கு அந்தப் பக்கம், எல்க் கிடந்தது. செத்துப் பல நாளாகியிருந்தது. நரிகள் பாதி தின்றுவிட்டன. ஆரின் இதை என்னிடம் சொல்லாமல் மறைக்கத்தான் பார்த்தார். நான் விடவில்லை. குண்டு போன இடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். இது எதுக்கு உங்களுக்கு என்றார். சொல்லுங்கள் என்றேன். போன இடமும் வெளியே வந்த இடமும் ஒரே அளவு என்றார். பென்சிலால் குத்தியது போல. விலாவில் சரியாக, எங்கே பட வேண்டுமோ அங்கேதான் பட்டிருக்கிறது. கை ஆடவில்லை, சிக்னே. அவர் கை ஆடவே இல்லை.

இப்போது கேள். நீ அனுப்பிய சீட்டில் என்ன எழுதியிருந்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, 150 கிரெய்ன் வாங்கு, 180 வாங்காதே. செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும், மெதுவாகப் போகும்." அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாய். கடையில் வெர்னும் அதையேதான் சொன்னார். அந்தப் பழைய துப்பாக்கிக்கு லேசான குண்டுதாம்மா சரி, வேகமாப் போனாத்தான் செம்பு விரியும் என்றார். நூற்றைம்பது பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தும்விட்டார்.

நான் நூற்றெண்பது வாங்கினேன்.

ஏன் என்று கேட்பாய். நாற்பது வருஷம் அவரோடு வாழ்ந்தவள் நான். நூற்றைம்பதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "இது சின்னப் பசங்க சுடறது" என்று பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடுவார், பழையபடி ஈயத்துக்கே போய்விடுவார் என்று நினைத்தேன். அவருக்கு நூற்றெண்பதுதான் குண்டு, மற்றதெல்லாம் பட்டாணி. எப்படியாவது செம்பு சுட ஆரம்பித்தால் போதும், எடை என்ன பெரிய எடை என்று இருந்துவிட்டேன். "எனக்குத் தெரியாதா வெர்ன் எம் புருஷன?" என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். உன் சீட்டை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். அப்பா அதைப் பார்க்கவே இல்லை. உனக்கு எழுதும்போதும், சீட்டோடு போய் வாங்கினேன் என்று மட்டும் எழுதினேன்.

பால் கேன் எங்களை ஏமாற்றிவிட்டது. பதினைந்து அடியில் குண்டு முழு வேகத்தில் போயிற்று, விரிந்தது. இருநூற்றெண்பது கஜத்தில் அந்தக் கனத்த குண்டு களைத்துப் போயிருந்தது. செம்பு கெட்டி. வேகம் குறைந்துவிட்டால் வாயைத் திறக்காது, ஒரு துளை போட்டுவிட்டுப் போய்விடும். ஈயம் மென்மை, மெதுவாகப் பட்டாலும் நசுங்கி உடையும். அந்த உடைசல்தான் உன் ரத்தத்தில் இருப்பது. நூற்றைம்பது வாங்கியிருந்தால், வேகமாகப் போயிருக்கும், விரிந்திருக்கும், எல்க் கண்ணுக்கு முன்னாலேயே விழுந்திருக்கும். இது முழுவதையும் வெர்ன் எனக்கு விளக்கிச் சொன்னது எப்போது தெரியுமா? அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி. டவுனில் ஒரு வேலை என்று எழுதினேனே, அந்த வேலை அதுதான்.

ஆக, திங்கட்கிழமையே எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா பூட்ஸ் மாட்டிக்கொண்டு போனார், நான் சொல்லவில்லை. புதன்கிழமை காலையில் பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிர்ந்து, "முன்னெல்லாம் எங் கை இப்படி இல்ல, இல்லையா ஆர்டிஸ்?" என்று கேட்டார். அப்போதும் நான் சொல்லவில்லை. உங்கள் கை இல்லை, நான்தான் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் என்னை நன்றாகத் திட்டிவிட்டு, கோபத்தில் வீட்டிலேயே இருந்திருப்பார். திட்டு வாங்கப் பயந்துகொண்டு ஃபிளாஸ்க்கில் காபியை ஊற்றிக் கொடுத்தேன். தன் கையைக் குறை சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

அதனால் சுவரைப் பார்த்துச் சொல்வதை நிறுத்து. நீ செம்பு கேட்டது சரி. நீ எழுதிய எண்ணும் சரி. சீட்டு என் கோட்டுப் பையில்தான் இருக்கிறது. தொட்டுப் பார்க்கிறேன், எடுக்க முடியவில்லை.

இன்னும் ஒரு விஷயம். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஆரின் தன் வண்டியில் ஒரு எல்க்கைக் கொண்டுவந்து இறக்கினார். நூற்றைம்பது செம்பு, நூறு கஜத்தில் சுட்டேன், எழுபதடியில் விழுந்துவிட்டது என்றார். உன் பெயரைச் சொல்லிவிட்டு, கட்டி வந்த கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொல்லவே வாய் எடுத்தேன். பிறகு அப்பா வாங்கி வைத்த புது மெஷினை எடுத்து, மூன்று நாள் நானே வெட்டி, அரைத்து, கட்டினேன். சரியாக நாற்பது பொட்டலம் வந்தது. அப்பா எழுதி அடுக்கி வைத்த லேபிள்களை ஒட்டினேன். மிச்சமில்லை. ஃப்ரீசரைத் திறந்தால் நாற்பது தடவை அவர் கையெழுத்து.

நேற்று எமெட் சொன்னான், எண் பதினெட்டு ஆகிவிட்டதாம். சின்ன வயதிலிருந்து சேர்ந்த ஈயம் எலும்புக்குள் உட்கார்ந்திருக்கிறது, குழந்தைக்காக எலும்பு கரையும்போது அதுவும் சேர்ந்து வெளியே வருகிறது, இனி என்ன சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உள்ளே இருப்பதை எடுக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். இது அப்பாவுக்குத் தெரியாமல் போயிற்று. அந்த ஒன்றுக்காக நன்றி சொல்லிக்கொள்கிறேன். அப்படியென்றால் அவர் எதற்காக மலை ஏறினார், இந்த நாற்பது பொட்டலம் எதற்கு என்று என்னைக் கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்குகிறேன், பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வருகிறேன், ஃப்ரீசரைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன்.

நீ வராதே. பனி கொட்டுகிறது, பாதை மோசம். இடது பக்கமாகப் படுத்திரு. குழந்தை உதைக்கிறதா என்று யாரையாவது எனக்குச் சொல்லச் சொல். என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அதை யாரிடம் கேட்க வேண்டுமோ அவர் இல்லாமல் போய்விட்டார். உன் தலையில் இருக்கும் பாரத்தை இறக்கி என்னிடம் கொடுத்துவிடு, அது என்னுடையது. அவ்வளவுதான்.

பொட்டலங்களை ஐஸ் போட்டுக் கட்டி அனுப்பப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். உனக்குக் கறி வேண்டுமென்றால் ஒரு வரி எழுது. வேண்டாமென்றாலும் ஒரு வரி எழுது, சிக்னே.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆர்டிஸ்